சிவப்புப் பூசிய முனை

"வெல்டிங் உண்டா?" என்று கடைக்காரர் மறுபடியும் கேட்டார்.

"இல்லைங்க சார். போல்ட் போட்டு முடுக்கிடுவோம்" என்றாள் அவள், முதல் தடவை கேட்பவரிடம் சொல்வது போல.

வெல்டிங் இல்லை என்று அவள் வந்து உட்கார்ந்ததுமே சொல்லிவிட்டாள். அலுமினியக் கடையில் அது ஒன்று தெரிந்தால் பாதி முடிவாகிவிடும். வந்தவர் வாயை மூடுவதற்குள் இன்ன நம்பர் ரகம் என்று சொல்லி அனுப்பிவிடுகிற மனிதர், இன்று முக்கால் மணி நேரமாக விசாரணைக் கமிஷன் நடத்திக்கொண்டிருந்தார்.

உள்ளே ரம்ப மெஷினில் நின்றவருக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த மெஷினை ஓட்டுவதால் அவருக்கு ரம்பம் என்றே பேர். பேர்தான் அவருக்கு; இன்றைக்கு ரம்பம் போடுவது முதலாளி.

அவள் செயற்கைக் கால் செய்கிற இடத்தில் இன்ஜினியர். முழங்கால் மூட்டுக்குத் தடிமனான ராடு வேண்டும். இரண்டு துண்டு. ஒன்று சோதனையில் முறித்துப் பார்க்க, ஒன்று ஆளுக்கு மாட்ட.

வளைக்கணுமா என்றார் கடைக்காரர். லேத்தில் கடைந்துதான் எடுக்கப் போகிறோம் என்றாள். உப்புத் தண்ணி படுமா என்றார். முழங்காலுக்கு ஏது கடல், வேர்வைதான் படும், அதற்கும் மேல்பூச்சு கொடுத்துவிடுவோம் என்றாள். மாட்டப் போகிறவர் என்ன எடை, மாடி ஏறுவாரா, குடும்பஸ்தரா என்றுகூடக் கேட்டு வைத்தார். கடைசிக் கேள்வி எந்த உலோகத்துக்கு உதவும் என்று ரம்பத்துக்கு விளங்கவில்லை.

அவள் அதற்கும் பதில் சொன்னாள். ஒரு மகள் இருக்கிறாளாம். அவளைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏற வேண்டுமாம்.

கடைக்காரர் மேஜையைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

அவர் கேட்டதெல்லாம் அலுமினியத்துக்காக இல்லை. அவள் எழுந்து போய்விடக் கூடாது, அவ்வளவுதான். இந்த முகத்தை இவ்வளவு பக்கத்தில் பார்க்க எத்தனை வருஷம் ஏங்கியிருக்கிறார் என்பது அவருக்குத்தான் தெரியும். சிரித்தால் இடது கன்னம் மட்டும் ஏறுவது அப்படியே இருந்தது. அவர்மேல் அவளுக்குக் கோபம் உண்டு. நியாயமான கோபம்தான். ஊரில் எத்தனையோ கடை இருக்க இங்கே ஏன் வந்தாள் என்ற ஒரு கேள்வியை மட்டும் அவர் கேட்கவில்லை. கேட்டால் எழுந்துவிடுவாளோ என்று பயம்.

எது வேண்டும் என்பது எப்போதோ முடிவாகிவிட்டது. எடையும் கூடக் கூடாது, முறியவும் கூடாது, வெல்டிங்கும் கிடையாது என்றால் 7075 ரகம்தான். விலை அதிகம், கேட்பவர் குறைவு. கடையில் மிச்சம் இருப்பதும் ஒரே துண்டு. அது அவர் மேஜையில் காகிதங்கள் பறக்காமல் அமுக்கிக்கொண்டு நின்றது.

எல்லா அலுமினியமும் கண்ணுக்கு ஒரே வெள்ளை. அதனால் ராடு வந்து இறங்கியதும் ஒரு முனையில் பெயின்ட் அடித்துவிடுவார்கள். சாதா ரகமான 6061க்கு நீலம், 7075க்குச் சிவப்பு. எப்போதும் மறுமுனையிலிருந்துதான் அறுக்க வேண்டும். பெயின்ட் முனையை அறுத்துக் கொடுத்துவிட்டால், மிஞ்சியது எந்த ரகம் என்று அடித்தவருக்கே தெரியாது.

அப்படி அறுத்து அறுத்து, சிவப்பு முனையோடு மிஞ்சியது இது. யார் கேட்டாலும் ஸ்டாக் இல்லை என்று கூசாமல் சொல்லிவிடுவார். சிவப்பைக் கவிழ்த்தே வைத்திருப்பார்.

இல்லை என்றால் அவள் அடுத்த கடைக்குப் போய்விடுவாள். இருக்கிறது என்றால் வாங்கிக்கொண்டு போய்விடுவாள்.

6061ஐ எடுத்துக் கொடுத்தால்? சோதனையில் சீக்கிரமே முறியும். சண்டை போடவாவது திரும்பி வருவாள். அந்த எண்ணம் வந்தது நிஜம்.

சோதனையில் தப்பித்துவிட்டால்? மாடிப்படியில் ஒரு மனிதன் மகளோடு விழுவான்.

துண்டை எடுத்து அவள் முன்னால் வைத்தார். "7075. ரெண்டுக்கும் சரியா இருக்கும். பெயின்ட் முனையும் சேர்ந்து போயிடும்… பரவாயில்ல, எடுத்துக்கோங்க."

ஃபேன் காற்றில் மேஜைக் காகிதங்கள் தரையெல்லாம் பறந்தன. இருவரும் குனியவில்லை.

அவள் துண்டைத் திருப்பினாள்.

சிவப்பு பெயின்ட்டில் ஒரு சின்னஞ்சிறு கட்டைவிரல் பதிந்திருந்தது. தொடாதே, ஈரம் என்று சொன்ன பிறகு வேண்டுமென்றே அழுத்தினால் எவ்வளவு ஆழம் பதியுமோ, அவ்வளவு ஆழம்.

அவள் தன் கட்டைவிரலை அதன்மேல் வைத்தாள். பள்ளம் விரலுக்கடியில் மறைந்துபோனது. விரலை அவள் உடனே எடுக்கவில்லை.

அறுக்கலாமா என்று ரம்பம் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்.

"இப்போ ஒண்ணு மட்டும் அறுங்கண்ணே. பெயின்ட் இல்லாத பக்கம்."

துண்டை ரம்பத்திடம் கொடுத்துவிட்டு வந்து, தரையில் கிடந்த காகிதங்களைப் பொறுக்கி மேஜையில் வைத்தாள். மெஷின் ஓடி முடிகிறவரை அவற்றை உள்ளங்கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். மிச்சம் வந்ததும் அதைப் பழைய இடத்திலேயே வைத்தாள், சிவப்பு மேலே தெரியும்படி.

"இதை முறிச்சுப் பார்த்துட்டு இன்னொண்ணுக்கு வரேன்" என்றாள். வாசல்வரை போனவள் நின்று திரும்பினாள்.

"அதை வேற யாருக்கும் வித்துடாதீங்க, அப்பா."