பெண்கள் வெளியே போகலாம்

பீர்க்கடைக் கூடத்தில் நெசவாளர்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். மேடையோரம் காவலர் உல்பிரிஷ்ட். அவருடைய தொப்பி மேசைமேல் இருந்தது. அதை எடுத்துத் தலையில் மாட்டினாரென்றால் கூட்டம் அந்த நிமிஷமே கலைய வேண்டும். ஜெர்மன் பேரரசர் கெய்சரின் சட்டம் அப்படி.

பெர்லினிலிருந்து வந்திருக்கும் சோஷலிஸ்ட் தலைவர் பிரிங்க்மான் வாயைத் திறந்ததும் தொப்பியை மாட்டிவிட வேண்டும் என்று காவலருக்குக் கை அரித்தது. ஆளை முன்பின் பார்த்ததில்லை; முன்வரிசைத் தாடிக்காரர்தான் பிரிங்க்மான் என்று தீர்மானித்திருந்தார்.

தாடிக்காரருக்குப் பக்கத்தில் ஒரு பெண்!

"ஏம்மா, அரசியல் கூட்டத்துல பொம்பளைக்கு என்ன வேலை? எழுந்து வெளியே போ!"

"தறியில பன்னெண்டு மணி நேரம் நின்னா சரி, இங்க ஒரு மணி நேரம் உக்காந்தா குத்தமா?"

"சட்டம்னா சட்டம்தான். புருஷன் வீட்டுக்கு வந்து சொல்வான், கேட்டுக்கோ."

"அவரு எனக்குச் சொல்றதா? நல்லாயிருக்கு!"

முகம் சிவக்க, நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு அவள் வெளியேறினாள்.

"தொல்லை விட்டது. ம், பிரிங்க்மான், ஆரம்பிங்க" என்றார் காவலர்.

தாடிக்காரர் எழுந்தார். "நான் சாயப்பட்டறைக்காரன்யா. பிரிங்க்மானைத்தான் இப்ப நீங்க விரட்டிட்டீங்களே!"

கூடமே கொதித்து எழுந்தது. பெஞ்சுகள் உருள, அத்தனை பேரும் அவள் பின்னாலேயே தெருவில் இறங்கினார்கள். உல்பிரிஷ்ட் பதறிப்போய்த் தொப்பியை மாட்டினார். கலைப்பதற்கு எதிரே ஒரு ஆள்கூட இல்லை.

தெருவில், பீர்ப் பீப்பாய்மேல் ஏறி நின்றுகொண்டு பிரிங்க்மான் முழங்கினாள்:

"நான் கூட்டத்துக்குப் போகக் கூடாது, அதானே சட்டம்? போகலையே! கூட்டம்தானே என்கிட்ட வந்திருக்கு!"