வட்டத்தின் நடுவில் ஒரு குண்டூசி

கால்நடை டாக்டர் ஜீப்பிலிருந்து வரைபட அட்டையை எடுத்ததிலிருந்து அவள் கண் அதைவிட்டு நகரவில்லை.

அவருக்குப் பின்னால் வெள்ளை உடுப்பு மாட்டிய எட்டுப் பேர் சாக்குகளை உதறிக்கொண்டிருந்தார்கள். கோழிகளுக்கான சாக்குகள்.

பறவைக் காய்ச்சல். அரசாங்கத்தின் விதியில் குழப்பம் எதுவும் இல்லை. முதல் தகவல் எந்தக் கொட்டகையிலிருந்து வந்ததோ, அதை நடுவாக வைத்து வட்டம் போடுவார்கள். ஒரு கிலோமீட்டருக்குள் ஒரு கோழி மிஞ்சக்கூடாது. சீக்குக் கோழி, நல்ல கோழி என்ற பேச்சுக்கே இடமில்லை.

தகவல் சொன்னது யார்? காலையிலிருந்து எல்லார் வாயிலும் இதே கேள்விதான்.

சொன்னது அவள்.

ஐந்து நாளைக்கு முன்னால், கணவன் காலையில் தீவனம் எடுக்கப் போயிருந்த நேரம், கதவைச் சாத்திக்கொண்டு உதவி எண்ணுக்குப் பேசினாள். கொட்டகையின் பதிவு எண்ணைக் கேட்டார்கள். சொன்னாள். பெயர் வெளியே வராது என்றார்கள். நம்பினாள்.

கணவனிடம் மூச்சு விடவில்லை. எப்படி விடுவாள்? செத்துப்போன பதினோரு கோழிகளையும் கொட்டகைக்குப் பின்னால் குழி தோண்டிப் புதைத்தவனே அவன்தான். வெயில் தாங்கவில்லை, வேறொன்றுமில்லை என்று அவளிடமே அடித்துச் சொன்னவன். ஆயிரத்து இருநூறு கோழிகள் முட்டையிடத் தொடங்கி மூன்று வாரம்கூட ஆகவில்லை. பாவம், அவனுக்கும் வேறு என்ன சொல்லத் தோன்றும்?

ஆனால் அவள் பார்த்த காட்சி வேறு. பக்கத்துக் கொட்டகை அக்காவின் நாலு வயது மகள், இவர்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து, தலை தொங்கிப்போன ஒரு கோழியை மடியில் போட்டுத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். நடுநடுவே அதன் அலகில் முத்தம் வேறு.

அதைப் பார்த்த பிறகு அவளால் சும்மா இருக்க முடியவில்லை.

மறுநாள் வந்தவர்கள் வரிசையிலிருந்த ஐந்து கொட்டகைகளிலும் மாதிரி எடுத்தார்கள். எந்தக் கொட்டகையில் நோய் கண்டது என்று சொல்லவில்லை. அதனால் இந்த நிமிடம்வரை அவள் தலை தப்பியிருந்தது.

அக்கா கூட்டத்துக்கு நடுவில் நின்றாள். இடுப்பில் மகள். குழந்தையின் முகத்துக்குப் பொருந்தாத பெரிய முகக்கவசம் கழுத்துக்கு இறங்கியிருந்தது.

"எவன்னு மட்டும் தெரியட்டும். அவன் கொட்டகைக்கு நானே போய்த் தீ வைக்கிறேன்."

காலையிலிருந்து இது நாலாவது தடவை. அக்கா வாய்ச்சொல்லோடு நிற்கிற ஆள் இல்லை. போன வருஷம் இவள் பத்து நாள் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது இரண்டு கொட்டகைக்கும் தீவனம் வைத்தவள் அவள். இரண்டு வீட்டுக்கும் நடுவே உள்ள வேலிப்படலை அதற்குப் பிறகு யாரும் சாத்தியதே இல்லை.

டாக்டர் அட்டையைப் பானட் மேல் வைத்து, புத்தகம் போலப் பிரித்தார்.

அவளும் கணவனும் ஜீப்பை ஒட்டி நின்றார்கள். அட்டை பாதி திறந்தபோதே அவள் கண்ணில் அது பட்டுவிட்டது. ஒரு சிவப்புத் தலைக் குண்டூசி. நூல் கட்டி வட்டம் போட்டவர்கள் ஊசியைப் பிடுங்க மறந்திருக்கிறார்கள். பெயரை வாயால் சொல்ல மாட்டார்களாம், ஊசியால் குத்திக் கொண்டுவந்து காட்டுவார்களாம்!

ஊசி நின்றது அவர்கள் கொட்டகை மேல்.

"தள்ளுங்க, தள்ளுங்க, நானும் பாக்கணும்" என்று அக்கா முண்டியடித்தாள். இன்னும் நாலு எட்டு.



அப்போதுதான் கணவன் பாய்ந்தான். பானட் அதிர, வரைபடத்தின் மேல் ஓங்கி அறைந்தான்.

"வட்டம் போடுறீங்களா வட்டம்? எங்க பொழப்பு மேலயா போடுறீங்க? போன் பண்ணவன் நல்லா இருப்பானா?"

அவனை இப்படி ஒரு கோபத்தில் அவள் பார்த்ததே இல்லை. ஒவ்வொரு சொல்லும் தன் மேல் விழுவதுபோல் கூசினாள். அட்டை மேலேயே அவன் விரல்கள் மடங்கி முஷ்டியாயின. ஓங்கிய முஷ்டியோடு டாக்டரை முறைத்தான். இரண்டு பேர் வந்து அவனை இழுத்துக்கொண்டு போனார்கள். இன்னும் இரண்டு பேர் அவனோடு சேர்ந்து கத்தினார்கள். மிரண்டுபோன டாக்டர் அட்டையை மூடி ஜீப்புக்குள் எறிந்துவிட்டு, பட்டியலை வைத்து வாசிக்க ஆரம்பித்தார்.

பட்டியலில் அவர்கள் கொட்டகை முதலில் வரவில்லை. மூன்றாவதாக வந்தது.

கொட்டகைக்குள் போகிறவர்கள் மருந்துத் தண்ணீரில் கை கழுவ வேண்டும் என்றார்கள். வாளிக்கு முன்னால் இருவரும் குனிந்தார்கள். அவன் இடது கையை மட்டும் நனைத்தான். வலது கை இன்னும் முஷ்டியாகவே இருந்தது.

இன்னுமா கோபம் தணியவில்லை என்று பயந்துகொண்டே அவள் அந்தக் கையைப் பிடித்து விரல்களைப் பிரித்தாள்.

உள்ளங்கையில் சிவப்புத் தலைக் குண்டூசி. அது குத்திய இடத்தில் ரத்தம்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவன் வாளியையே பார்த்துக்கொண்டு, அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில் பேசினான்.

"பாப்பா அந்தக் கோழிய மடியில வச்சிருந்தத நானும்தான் பாத்தேன். அன்னிக்கு சாயங்காலமே போன் பண்ணேன். நம்ம பதிவு எண்ணச் சொன்னதும், 'காலையிலயே ஒரு அம்மா சொல்லிட்டாங்களே'ன்னாங்க."

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அக்காவின் குரல் வந்தது, அது யாரென்று ஏதாவது தெரிந்ததா என்று.

"தெரியலக்கா" என்றார்கள் இருவரும், ஒரே நேரத்தில்.