எண் சொல்லிக் கூப்பிடு

மாலை வெயில் சாப்பாட்டு மேசையிலிருக்கும் மடிக்கணினியின் மேல் சாய்ந்து விழுகிறது. கணினி நிரல்களைத் தொகுத்துப் பயனர்களுக்கு அனுப்பும் வேலை பார்க்கும் மூத்த மருமகள் கையால் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு திரையை முறைக்கிறாள். நாளை பயனர்களின் கணினிகள் எல்லாம் நிரல்மொழியின் புதிய பதிப்புக்கு மாறுகின்றன. பார்வையற்றவர்களுக்குத் திரையை வாசித்துக் காட்டும் இந்த நிரல் பழைய பதிப்புக்குத்தான் புரியும். ஆனால் அதன் ஒவ்வொரு கோப்பிலும் முதல் வரி மொழியின் பெயரை மட்டும் சொல்லிக் கூப்பிடுகிறது, பதிப்பின் எண்ணைச் சொல்லவில்லை. இதுவரை பழையது வந்து நின்றது. நாளை புதியது வந்து திருதிருவென விழிக்கும். கேட்பவர்களுக்குக் குரலே வராது. “மருமகளே,” என்று உள்ளறையிலிருந்து மாமியார் கூப்பிடுகிறார். எதிரில் பட்டாணி உரிக்கும் இளையவள் எழுந்து போகிறாள், போன வேகத்தில் திரும்புகிறாள். “நான் இல்லையாம், உங்களத்தானாம்க்கா.” “அப்ப அதச் சொல்லிக் கூப்பிட வேண்டியதுதானே. இங்கயும் இதே கூத்துதான்.” மூத்தவள் ஒவ்வொரு கோப்பாகத் திறந்து எண்ணைச் சேர்க்கிறாள். தேநீரில் ஆடை படிந்துவிட்டது. “இவ்வளவையுமா திருத்தணும்?” “ஒண்ண விட்டாலும் யாருக்கோ பேச்சு நின்னுடும்.” விசைகள் சடசடக்கின்றன. “மருமகளே.” இருவரும் அசையவில்லை. ஒரு பட்டாணி கிண்ணத்துக்குள் உருண்டு ஓய்கிறது. உள்ளே கட்டில் கிறீச்சிடுகிறது. “பெரியவளே, இந்த ரேடியோ பேச மாட்டேங்குது.” கடைசி எண்ணை அடித்துவிட்டு மூத்தவள் எழுகிறாள். இளையவள் தலை நிமிரவே இல்லை.