மூன்று நாள் பத்தியம்

“ஐயா, எங்கம்மா வாயில இன்னும் எத்தன பல்லு மிச்சம் இருக்கு?”

கேட்டவள் ஐந்து வயது ராமுத்தாய். ரத்தம் படிந்த, பல் பிடுங்கும் குறட்டைக் கழுவிக்கொண்டிருந்த கம்பவுண்டர் இன்னாசிராஜ் சிரித்துவிட்டார். “பயப்படாத தாயி. ஒண்ணுதான் போயிருக்கு. இன்னும் வாய் நிறைய இருக்கு.”

ஏலப்பாறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரி அது. கொழுந்து கிள்ளும் அவள் அம்மா வேலுத்தாய் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு, கன்னத்தில் துணியை அழுத்தியபடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மடியில் எட்டு மாதக் கைப்பிள்ளை ஈனக்குரலில் அனத்திக்கொண்டிருந்தது. பிள்ளையின் தகப்பன் போன மழைக்காலத்துக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டான்.

“சூடா எதுவும் வாயில வைக்காத. கடிச்சுத் திங்கிற சோலியே கூடாது. மூணு நாளைக்கு ஆறின பாலும் குழையக் காய்ச்சின கஞ்சியும்தான். நாளையிலிருந்து உப்புத் தண்ணி விட்டுக் கொப்பளி.”

பல் பிடுங்கியவர்களுக்கு மட்டும் பங்களாத் தொழுவத்திலிருந்து தினம் காற்படி பால், மூன்று நாளைக்கு. அது துரையின் உத்தரவு. காய்ச்சல்காரர்களுக்குக் கசப்பு மருந்தான கொயினாத் தண்ணீரோடு சரி.

அவர்கள் போன பிறகுதான் இன்னாசிராஜ் தட்டில் கிடந்த பல்லை எடுத்துப் பார்த்தார். சொத்தை இல்லை. ஒரு கறுப்புப் புள்ளிகூட இல்லை.

அவள் வாய்க்குள் விரலை விட்டுக் காட்டினாள், இவர் பிடுங்கினார். தட்டிப் பார்க்கவில்லை. அப்படியானால் கெட்ட பல் இன்னும் அவள் வாயில்தான் இருக்கிறது!

மாதம் ஒருமுறை பீருமேட்டிலிருந்து வரும் டாக்டர் காதுக்கு இது போனால் வேலை போய்விடும். பல்லைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அன்று அந்தியில் செபம் சொல்லும்போது, மன்னிப்புக் கேட்கும் இடத்துக்கு வந்ததும் அவர் நாக்கு எழும்பவில்லை. அவர் மனைவி இன்பமேரி திரும்பிப் பார்த்தாள். “என்ன, பாதியில நிறுத்திட்டீக?”

“ஒண்ணுமில்ல, நீ சொல்லு.”

பாலைக் கொண்டுபோய்க் கொடுப்பது காவல்காரன் வேலை. இந்த முறை கம்பவுண்டரே தூக்கிக்கொண்டு, கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்துக்குப் போனார். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனார். முதல் நாள், பிள்ளை அழுவதைச் சாக்காக வைத்துச் சொல்லாமலே திரும்பினார்.

இரண்டாம் நாள் பாலைக் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குத் திரும்பியவர், பாதி வழியில் மனம் கேட்காமல் மறுபடியும் லயத்துக்கே வந்தார். வேலுத்தாய் வாசலில் உட்கார்ந்து ஆறிப்போன மரவள்ளிக் கப்பைக் கிழங்கை ஒரு பக்கமாக ஒதுக்கி மென்றுகொண்டிருந்தாள்.

“அடிப்பாவி, இப்பத்தானே பால் குடுத்தேன்! அது எங்க?”

“அது அப்பமே தீந்துபோச்சுய்யா.”

“கிழங்கைக் கடிச்சா புண்ணு எப்படி ஆறும்? உள்ள வலி இருக்கா?”

“லேசா இருக்குய்யா” என்று அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்த ‘லேசா’ அவர் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. மூன்றாம் நாளும் பாலை மட்டும் கொடுத்துவிட்டுத் திரும்பினார். அன்று பிள்ளை சத்தமில்லாமல் தூங்கிக்கொண்டிருந்ததால், அழுகையைச் சாக்குச் சொல்லிக்கொள்ளவும் வழியில்லை.

நான்காம் நாள் காலையில் வேலுத்தாய் தானாகவே ஆஸ்பத்திரிக்கு வந்தாள். பெஞ்சில் உட்கார்ந்து, மறுபக்கத்துப் பல்லைக் காட்டினாள். “இதையும் பிடுங்கிருங்கய்யா.”

இன்னாசிராஜுக்குக் குறட்டைப் பிடிக்கக் கை வரவில்லை. சட்டைப் பையிலிருந்த பொட்டலத்தை அவள் முன்னால் பிரித்து வைத்தார்.

“தாயி, நான் பாவி. அன்னைக்கு உன்னோட நல்ல பல்லைப் பிடுங்கிட்டேன். சொல்லப் பயந்துகிட்டு மூணு நாளா மறைச்சேன். இன்னைக்காவது கெட்டது எதுன்னு சரியாப் பாத்துர்றேன்.”

கரண்டிக் காம்பால் ஒவ்வொரு பல்லாகத் தட்டிப் பார்த்தார். மேல் வரிசை, கீழ் வரிசை. அவள் எதற்குமே முகம் சுளிக்கவில்லை. கெட்ட பல் ஒன்றுகூட அகப்படவில்லை. வாசற்படியில் ராமுத்தாய் விரலை மடக்கி மடக்கி எண்ணிக்கொண்டிருந்தாள்.

வேலுத்தாயின் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது.

“உங்க மேல தப்பு இல்லைய்யா. எனக்குச் சொத்தைப் பல்லே கிடையாது. காய்ச்சல்ல மாருல பால் வத்திப்போச்சு. நீங்க குடுத்த பால் பிள்ளைக்கு நேத்து வரைக்கும்தான் வந்துச்சு.”

இன்னாசிராஜ் குறட்டைப் பெட்டிக்குள் வைத்து மூடினார். “பல்லு நல்லாத்தான் இருக்கு. வீட்டுக்குப் போ தாயி.”

மறுநாள் விடியலில், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குக் கொம்பு ஊதும் முன்பே, வேலுத்தாயின் வாசலில் ஒரு கலயம் நிறையப் பால் இருந்தது. மேலே இலை போட்டு மூடியிருந்தது. லயம் முழுக்க மஞ்சுப் பனி இறங்கிக் கிடந்ததால், கொண்டுவந்து வைத்தவரை ஒருவரும் பார்க்கவில்லை.

கம்பவுண்டர் வீட்டில் இன்பமேரி தூக்குப் பாத்திரத்தைத் திறந்து பார்த்தாள். தொழுவத்திலிருந்து அவர்களுக்கு வரும் தினப்படி பால் அதில் இல்லை.

“பால் எங்க?”

“இனிமே நமக்குப் பால் வேண்டாம் மேரி. எனக்குப் பல்லு வலிக்கி.”

“நல்ல கூத்து! பல்லுக்குப் பால்தான் பத்தியம்னு ஊருக்கெல்லாம் சொல்லுதீக?”

“அது பல்லைக் குடுத்தவுகளுக்கு. நமக்குக் கட்டங்காப்பி போதும்.”