புது டிரைவ்

விருந்தாளிகள் காபிக்கு வருவதற்குள் கம்ப்யூட்டரில் புது டிவிடி டிரைவைப் பொருத்திவிட, தரையில் மண்டியிட்டிருந்தார் ஸ்டூரே.

“சர்வீஸ் ஆளைக் கூப்பிடலாம்ல?” என்றார் மனைவி குன்வோர்.

“ரெண்டு கேபிள், நாலு ஸ்க்ரூ. இதுக்கு எதுக்கு ஆள்?”

ஒரு ஸ்க்ரூ மிஞ்சிவிட்டது. ஆனாலும் பட்டனை அழுத்தியதும் தட்டு வெளியே வந்தது.

“பாத்தியா? சரி, நான் அக்கார்டியன் வாசிச்ச டிஸ்க்கை எடு. வர்றவங்களுக்குப் போட்டுக் காட்டணும்.”

“அது பழைய டிரைவுக்குள்ள மாட்டிக்கிட்டு வரலைன்னுதானே புதுசு வாங்குன?”

ஸ்டூரே தரையைச் சுற்றிலும் தேடினார்.

“பழசு எங்க?”

“நேத்து நீதான் ரீசைக்கிளிங் சென்டர்ல போட்டுட்டு வந்த.”

“தெரிஞ்சும் ஏன் சொல்லலை?”

“டிஸ்க் இல்லைன்னாத்தான் வருவோம்னு அவங்க போன்ல சொல்லிட்டாங்க.”

ஸ்டூரே மிஞ்சிய ஸ்க்ரூவை உருட்டிக்கொண்டே சொன்னார்:

“அப்ப பழைய டிரைவும் அவங்க கட்சிதான் போல.”