இருபதாவது படி

காலை ஏழு இருபதுக்கு மனைவி கேட்டாள்.

"ஏங்க, மாடிப்படியில வழுக்கி உருண்டா எத்தனாவது படியில கழுத்து முறியும்?"

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. டாக்டர்கள் பேசி அனுப்பும் ஒலிப்பதிவுகளைக் கேட்டுத் தட்டச்சு செய்வது அவள் வேலை. விடிந்ததும் விடியாததுமாக உடைந்த இடுப்பு, வீங்கிய கணையம் என்று எதையாவது கேட்பாள்.

"இருபது," என்றார், எண்ணிப் பார்த்தவர் போல.

"சரி," என்று சொல்லிவிட்டு அவள் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மாலை ஐந்து மணிக்கு அவர் வீட்டுக் கூடத்தில் வாசகர் வட்டம் கூடியது. அவரோடு சேர்த்து எட்டுப் பேர். மூன்று வாரமாக ஒரே சண்டை. ஐந்து பாகம் வந்துவிட்ட அந்த மாயக்கதையில் மருந்துக்குக்கூட ஒரு நல்லவன் கிடையாது. அதுதான் அழகு என்றார்கள் நாலு பேர். மற்ற நாலு பேருக்கு அதுதான் எரிச்சல். எழுதியவரின் முகத்தை யாரும் பார்த்ததில்லை. அட்டையில் இருந்ததும் புனைபெயர்.

"மந்திரவாதி புளுகன். டிராகன்கூடப் புறம் பேசுது. போகட்டும்," என்றார் பல் டாக்டர். "இந்த மன்னன் இருக்கானே! போர்ல ஜெயிச்சுட்டு வந்து குளிக்கறான். ஈரத்துண்டை எங்க போடறான்? ராணி தலையணையில! அஞ்சு பாகமா இதே கூத்து."

"நல்லவங்கதான் வேணும்னா பேப்பர்ல இரங்கல் விளம்பரம் படிங்க டாக்டர்," என்றார் தபால்கார அம்மா. "அதுல எல்லாரும் நல்லவங்க."

டாக்டர் மடியில் ஒரு கடிதம் தயாராக இருந்தது. அடுத்த பாகத்தில் மன்னனைக் கொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இந்த வட்டம் இனி அந்தப் புத்தகத்தைத் தொடாது. நாலு கையெழுத்து விழுந்துவிட்டது. ஐந்தாவது விழுந்தால் தபாலில் சேர்க்கலாம் என்பது வட்டத்தின் விதி.

"என் உயிர் இருக்கறவரைக்கும் போட மாட்டேன்," என்றார் கண்ணாடிக் கடைக்காரர். ஒவ்வொரு பாகத்தையும் மூன்று முறை படித்தவர். மன்னன் போய்விட்டால் அந்தக் கதையில் அவருக்கு வேறு யாரும் இல்லை.

"அவன்கிட்ட அப்படி என்னத்தக் கண்டீங்க மாமா?" என்றான் மைத்துனன். அவனும் எரிச்சல் கோஷ்டி.

"அந்த ஊர்ல நியாயமாப் பேசறவன் அவன் ஒருத்தன்தான். எல்லாரும் அவனைத் தப்பாப் புரிஞ்சுக்கறாங்க."

"சபையில குறட்டை விட்டுட்டு, 'தூங்கல, கண்ணை மூடி யோசிச்சேன்'னு சொல்றானே, அந்த நியாயமா?"

"யோசிச்சிருப்பான். எனக்கும் அப்படித்தான்."

டாக்டர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி அவரையே பார்த்தார்.

"ராணி எதைச் சொன்னாலும் மன்னன், 'அது எனக்கு அப்பவே தெரியும்'பான். நாங்க வந்து உக்காந்ததுலேந்து நீங்க அதை நாலு தடவை சொல்லிட்டீங்க சார்."

"அது எனக்கு அப்பவே..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார்.

மைத்துனன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான். "மாமா! உங்களையே எழுதிக்கிட்டீங்களா? இதையெல்லாம் எழுதற அந்த ஆள் நீங்கதானா?"



இல்லை என்று சொல்லத்தான் அவர் வாயைத் திறந்தார். ஆனால் ஏழு ஜோடிக் கண்கள் அவரைப் பார்த்தன. ஏழுக்கும் கண்ணாடி போட்டுவிட்டவர் அவர்தான். ஒன்றுகூட இதுவரை அவரை இப்படிப் பார்த்ததில்லை.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்றார்.

அதற்குப் பிறகு எதுவும் அவர் கையில் இல்லை. தபால்கார அம்மா ஐந்தாம் பாகத்தையும் பேனாவையும் நீட்டினார். அவர் புனைபெயரை ஒரு சுழி சுழித்துக் கையெழுத்துப் போட்டார். போட்டதும் கை தானாக அடுத்த புத்தகத்துக்கு நீண்டது.

"சார், நான் பேசினதையெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க," என்றார் டாக்டர். "ரெண்டு விதமாவும் பேசறதுதானே வாசகர் வட்டம்."

"சேச்சே. திட்டறவங்க இருந்தாத்தான் எழுதறவனுக்கு உரம்."

"அப்ப ஆறாம் பாகத்துல மன்னன்?"

எல்லாரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். அவர் நெஞ்சில் கை வைத்தார்.

"சாக மாட்டான். இன்னும் ரெண்டு நாட்டைப் பிடிக்கறான். ராணி அவன் கால்ல விழுந்து மன்னிப்புக் கேக்கறா. இது என் வாக்கு."

தபால்கார அம்மா கை தட்டினார். டாக்டர் கடிதத்தை நாலாகக் கிழித்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அறைக் கதவு திறந்தது. நாள் முழுக்கத் தட்டச்சு செய்த விரல்களைச் சொடுக்கெடுத்தபடி மனைவி வெளியே வந்தாள். படுக்கையறைக்குள் போனாள். திரும்பி வரும்போது அவள் கையில் அவருடைய ஈரத்துண்டு இருந்தது. பால்கனிக் கொடியில் போடப் போனவளைத் தம்பி மறித்தான்.

"அக்கா, உனக்கு விஷயம் தெரியுமா? மாமாதான் அந்தப் புத்தகமெல்லாம் எழுதறாராம்! மன்னனைச் சாக விட மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கார்!"

"அப்படியா?"

அவள் கணவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையை அவர் எங்கோ படித்திருந்தார். மூன்றாம் பாகமோ, நாலாம் பாகமோ.

"மன்னிச்சுக்கோங்க," என்றாள் துண்டை உதறியபடி. "அவன் மத்தியானமே போய்ச் சேர்ந்துட்டான். ஈரத்துண்டுல வழுக்கி, நீங்க சொன்ன அதே இருபதாவது படியில."