இரண்டாவது கிண்ணம்

"நாயும் கிடையாது, பூனையும் கிடையாது. முதல்ல இந்தத் தயிரைத் தின்னு."

அம்மா கிண்ணத்தை நீட்டினாள். சுண்டு உதட்டை இறுக்கிக்கொண்டாள். ஏழு வயதுப் பெண்ணுக்கு ஐந்து வயது உடம்பு. நெஞ்சுச் சளிக்குக் கொடுத்த வீரியமான மருந்தில் சளி போனது. கூடவே வயிறும் கெட்டது. தின்றது தங்கவில்லை. அடிக்கடி காய்ச்சல் வேறு. தினமும் தயிர் கொடுங்கள், அடுத்த தடவையும் எடை ஏறாவிட்டால் அட்மிட் செய்ய வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"ஒரே ஒரு குட்டி நாய்மா. கைக்குள்ள அடங்குற மாதிரி."

"உன் உடம்பு தேறாம ஒரு உயிரும் இந்த வாசப்படி தாண்டக் கூடாது. ஈ, எறும்பு உட்பட!"

சுண்டுவின் அழுகையை நிறுத்த, சித்தி அவளைத் தன் வேலையிடத்துக்கு அழைத்துப் போனாள். பால் பண்ணையின் பரிசோதனைக்கூடம். இருவரும் திரும்பி வந்ததும் வீட்டில் பூகம்பம்.

"என்னடி காட்டினே குழந்தைக்கு?"

"தயிரைத்தான்க்கா. மைக்ராஸ்கோப்ல. பாக்டீரியா எல்லாம் குச்சி குச்சியா, மணி மணியா..."

"அறிவிருக்கா உனக்கு? ஏற்கெனவே தொட மாட்டேங்கறா. இதுல கிருமியை வேற காட்டிட்டு வந்திருக்கே. இனி இந்த ஜென்மத்துல தின்ன மாட்டா!"

சித்தி அசடு வழிந்தாள்.

ஆனால் அன்றைக்கே சுண்டு கிண்ணத்தை வழித்துத் தின்றாள். மறுநாள் இரண்டாவது கிண்ணம் கேட்டாள். தட்டோரம் ஒதுக்கும் பீன்ஸும் கீரையும்கூட உள்ளே போயின. சோபாவிலிருந்து குதிப்பதை நிறுத்தினாள். ஒருநாள் போனில், "வாழைப்பழம் பிடிக்குமா சித்தி? வெங்காயம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சித்திக்கு என்ன பிடிச்சா உனக்கென்ன? நீ தின்னு," என்றாள் அம்மா.

காய்ச்சல் எட்டிப் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரியிடம் அம்மா காலரைத் தூக்கிவிடாத குறைதான். "எல்லாம் என் அதட்டல்!"

கிளினிக்கில் சுண்டு எடை மெஷினில் ஏறினாள். முள் பழைய இடத்தைத் தாண்டி ஜம்மென்று போய் நின்றது.

"அட! அட்மிஷனே வேண்டாம். என்ன மந்திரம் போட்டீங்க?" என்றார் டாக்டர்.

"கண்டிப்புதான் டாக்டர். நாய்க்குட்டி வேணும்னு ஒரே அடம். வீட்டுல ஒரு உயிரும் கூடாதுன்னு சொல்லிட்டேன். பொட்டிப் பாம்பா அடங்கிட்டா."

அம்மா கைப்பையை எடுக்கத் திரும்பினாள். டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்க்கக் கையை நீட்டினார். சுண்டு வயிற்றைத் தடவிக்கொண்டே டாக்டரின் காதருகே எம்பினாள்.

"அம்மாகிட்ட சொல்லிடாதீங்க. தயிர்ல இருக்கறதுக்கெல்லாம் உயிர் இருக்காம், தீனி போட்டா உள்ளயே வளருமாம். நான் நாய்க்குட்டி ஒண்ணுதான் கேட்டேன், இப்ப கோடிக்கணக்குல வளக்கறேன். மெதுவா அமுக்குங்க டாக்டர், எல்லாம் இப்பதான் சாப்பிட்டுட்டுத் தூங்குது!"